லினிசோலிடை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது? மருந்து எதிர்ப்பு காசநோய் சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி குணமாகிவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிருமி ஒழிந்த விதத்தைவிட, அந்த இருபத்தாறு வாரங்களில் மருந்துகள் அவர் உடம்பில் என்னென்ன செய்தன, அவற்றில் எதை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது, எதை அவர் வாயால் சொன்ன பிறகுதான் தெரிந்துகொள்ள முடிந்தது என்பதே இங்கே விஷயம். அடையாளம் தரக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் நோயும்

43 வயதுப் பெண். தையல் தொழில். எடை 44 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துவந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய் வந்து, வழக்கமான ஆறு மாத சிகிச்சையை முடித்தவர். இந்த முறை இரண்டு மாத இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்மடலில் ஒரு குழி.

சளியின் மூலக்கூறு பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பதும், அது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாது என்பதும் தெரிந்தது. அடுத்தகட்டப் பரிசோதனையில் ஐசோநயாசிடுக்கும் எதிர்ப்பு. ஃப்ளோரோக்வினலோன் வகை மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்பட்டது. எச்.ஐ.வி. இல்லை, கர்ப்பம் இல்லை, மூளையிலோ எலும்பிலோ நோய் இல்லை. எனவே பிபால்-எம் எனப்படும் நான்கு மருந்துச் சிகிச்சைக்கு அவர் தகுதியானவர். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்த இந்தச் சிகிச்சையில் பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், ஃப்ளோரோக்வினலோன் வகையைச் சேர்ந்த மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் உண்டு. எல்லாமே மாத்திரை, ஊசி கிடையாது.

பெடாக்விலின் முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், அதன்பின் வாரத்தில் மூன்று நாள் 200. பிரிட்டோமானிட் தினமும் 200, லினிசோலிட் 600, மாக்சிஃப்ளாக்சசின் 400.

தொடங்குமுன் எடுத்த அளவீடுகள் பின்னால் பெரிதும் கைகொடுத்தன. ஹீமோகுளோபின் 10.4, தட்டணுக்கள் 3.1 லட்சம், கல்லீரல் நொதிகள் இயல்பு, கிரியாட்டினின் 0.9, பொட்டாசியம் 3.9. ஈசிஜியில் க்யூடிசி, அதாவது நாடித்துடிப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்ட க்யூடி இடைவெளி, 412 மில்லிசெகண்ட். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னளவில் இயங்கி மீளும் நேரம் அது; அதிகம் நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். இரண்டு கண்ணிலும் பார்வை 6/6, இஷிஹாரா நிற அட்டைகளை எல்லாம் தடங்கலின்றிப் படித்தார். பாதத்தில் தொடு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் இழை தொட்ட எல்லா இடமும் தெரிந்தது. ஆனால் கட்டைவிரலில் இசைக்கவையின் அதிர்வு சற்றுச் சீக்கிரமே மறைந்துவிட்டது. ஆறு வருடச் சர்க்கரைக்கு அது எதிர்பார்க்கக்கூடியதே. அதைக் குறித்து வைக்காமல் விட்டிருந்தால், பிறகு வந்த நரம்புப் பாதிப்பில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்திருக்க முடியாது.

வாந்தியில் தொடங்கியது

மூன்றாம் வாரம் குமட்டலும் வாந்தியும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் எல்லா மாத்திரைகளையும் ஒரே மூச்சில் விழுங்கி, "ஒரு வேலை முடிஞ்சுது" என்று இருந்திருக்கிறார். பெடாக்விலினையும் பிரிட்டோமானிடையும் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். உணவோடு எடுக்கும்போது பெடாக்விலின் ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, வெறும் வயிற்றில் எடுத்ததால் குமட்டல் ஒருபக்கம், மருந்தில் பாதி வீணாவது மறுபக்கம்.

லினிசோலிட் எடுக்கும் ஒருவர் வாந்தி என்று வந்தால் அதை இரைப்பைக் கோளாறு என்று எழுதி முடித்துவிடக் கூடாது. லினிசோலிட் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டக்கூடும். இவர் அதே ஆபத்துள்ள மெட்ஃபார்மினும் எடுக்கிறவர். லாக்டேட் 1.8, பயமில்லை. கல்லீரல் நொதி ஏஎல்டி 61, இயல்பின் மேல்வரம்பைவிடக் கொஞ்சம் அதிகம். பிரிட்டோமானிடும் பெடாக்விலினும் இரண்டுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. அறிகுறிகளோடு மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மருந்துகளை நிறுத்திவைத்து யோசிப்போம். 61 அந்தப் பக்கமே போகவில்லை. மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினோம். வாந்தி பாதியாகக் குறைந்தது.

இதற்கு நடுவே அவர் வெளியே ஓரிடத்தில் காட்டி, டாம்பெரிடோன் என்ற வாந்தி மாத்திரையை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். நான்காம் வாரத்து ஈசிஜி எடுக்கும்போதுதான் அது வெளிவந்தது. இயந்திரம் அச்சிட்ட க்யூடிசி 523 மில்லிசெகண்ட். 500-ஐத் தாண்டினாலே மருந்துகளை நிறுத்த வேண்டிய எல்லை. பார்த்த நர்ஸ் தாளை ஓடிவந்து கொடுத்தார். அவர் செய்தது சரிதான்.

ஆனால் பெரும்பாலான ஈசிஜி இயந்திரங்கள் பாசெட் என்ற சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. நாடித்துடிப்பு வேகமாக இருக்கும்போது அது க்யூடியை மிகைப்படுத்தும். காசநோயாளிக்குத் துடிப்பு வேகமாக இருப்பது சகஜம். இவருக்கு அன்று நிமிடத்துக்கு 108. அளந்த க்யூடி 390. ஃப்ரிடெரிசியா முறையில், அதாவது இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் கனமூலத்தால் வகுத்தால், 474 வருகிறது. காசநோய் மருந்துகளுக்கு நாம் பின்பற்றுவது இந்த முறையைத்தான். 523-க்கும் 474-க்கும் நடுவில் ஒரு நல்ல சிகிச்சை முறிந்துபோக இருந்தது.

474-ம் நிம்மதியாக உட்காரக்கூடிய எண் இல்லை. நான்கு வாரத்தில் 62 மில்லிசெகண்ட் ஏறியிருக்கிறது. பெடாக்விலின் கொஞ்சம் நீட்டும். மாக்சிஃப்ளாக்சசின் தன் குடும்பத்திலேயே அதிகம் நீட்டக்கூடியது. அவற்றின் மேல் டாம்பெரிடோன். வாந்தியால் பொட்டாசியம் 3.1-க்கும் மெக்னீசியம் 1.3-க்கும் இறங்கியிருந்தன. டாம்பெரிடோனை நிறுத்தி, இரண்டு உப்புகளையும் ஈடுசெய்தோம். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அது நிற்காது. ஒரு வாரத்தில் க்யூடிசி 441. காசநோய் மருந்தில் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை.

குமட்டலுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்பார்கள். ஆன்டன்செட்ரானும் க்யூடியை நீட்டும். அதனால் முதல் மருந்து சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்வது. அதிலும் அடங்காவிட்டால் மெட்டோகுளோப்ரமைடைக் குறுகிய காலத்துக்கு, ஈசிஜி பார்த்துக்கொண்டு கொடுக்கலாம்.

ஐந்தாம் வாரம் இன்னொன்று. விடியற்காலை வியர்த்து நடுங்கி எழுந்திருக்கிறார். வீட்டுக் கருவியில் சர்க்கரை 52. லினிசோலிட், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோடும் இன்சுலினோடும் சேரும்போது தாழ்சர்க்கரையை உண்டாக்கலாம். மாக்சிஃப்ளாக்சசினும் சர்க்கரையை ஏற்றி இறக்கும். அதற்கு மேல், சரியாகச் சாப்பிடாத வயிறு. கிளிமிபிரைடை நிறுத்தினோம். அதன்பின் அந்தத் தொல்லை வரவில்லை. காசநோய் தணியத் தணிய சர்க்கரையும் பொதுவாக இறங்கிவரும் என்பதால், சிகிச்சை தொடங்கியபோது எழுதிய சர்க்கரை மாத்திரைச் சீட்டை ஆறு மாதமும் அப்படியே ஓடவிடக் கூடாது.

ரத்தம்

நான்காம் வாரம் ஹீமோகுளோபின் 9.6. ஏழாம் வாரம் 8.5, தட்டணுக்கள் 1.3 லட்சம். எலும்பு மஜ்ஜையை லினிசோலிட் அமுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜை புதிதாக வெளிவிடும் சிவப்பணுக்கள், குறைந்திருந்ததே சாட்சி.

காசநோயே ரத்தசோகையைத் தரும். சிகிச்சை வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்தப் பங்கு மீண்டு ஹீமோகுளோபின் ஏற வேண்டும். லினிசோலிட் அதே நேரத்தில் கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்து சில வாரங்களுக்கு எண் அசையாமல் நிற்கலாம், அதை "நிலையாக இருக்கிறது" என்று படித்துவிடுவோம். ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் ஏறாமல் இருப்பதும் ஒரு தகவல்.

எட்டுக்குக் கீழே போனால் லினிசோலிடைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று முடிவு செய்து, வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்தோம். 8.3 வரை இறங்கி, பத்தாம் வாரம் 8.6 என்று திரும்பியது. அந்த நாட்களில் அளவைக் குறைக்கலாமே என்ற பேச்சு எழுந்தது. முதல் ஒன்பது வாரங்களாவது லினிசோலிட் முழு அளவில் போவதற்குப் பெரிய மதிப்பு உண்டு என்பதால் பொறுத்தோம். குழியுள்ள நுரையீரல், இரண்டாவது முறை வந்த நோய். எட்டாம் வாரத்துச் சளி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளரவில்லை என்ற முடிவு வந்தபோதுதான் அந்தப் பொறுமைக்கு நியாயம் கிடைத்தது.

கால்

பத்தாம் வாரத்திலிருந்து அவருக்குக் கால் மரத்திருந்தது. நாங்கள் அறிந்தது பதின்மூன்றாம் வாரம்.

இடையில் அவர் மருந்து வாங்கும் இடத்தில் நிரப்பப்பட்ட கண்காணிப்புத் தாளில் "நரம்பு: பிரச்சினை இல்லை" என்று இருக்கிறது. பொய்யில்லை. கை கால் மரமரப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லியிருக்கிறார், எழுதிக்கொண்டார்கள். இசைக்கவையை எடுத்து வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. கேள்வி கேட்டுக் கட்டத்தில் டிக் போடுவதைக் கண்காணிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதின்மூன்றாம் வாரம் அறைக்குள் வந்தவரின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மற்றது வாசலில் கழன்று கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை. கால் எரிகிறதா என்று கேட்காமல், தையல் மெஷினை எப்படி மிதிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பெடல்ல கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துப் பாத்துதான் மிதிக்கிறேன் டாக்டர். ராத்திரி உள்ளங்கால் தீயா எரியுது. போர்வை பட்டாக்கூடத் தாங்கல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திட்டு ஊசி மருந்துக்கு மாத்திடுவீங்கன்னு பயம். ஊசி போட்டு காது போனவங்கள எனக்குத் தெரியும்."

அந்தப் பயம் காற்றில் வந்ததில்லை. கேனமைசின், கேப்ரியோமைசின் ஊசிகளை மாதக்கணக்கில் போட்ட காலத்தில், உள்காதின் மயிரணுக்கள் செத்துப்போய்ப் பலர் நிரந்தரமாகச் செவித்திறன் இழந்தார்கள். அந்தச் சிகிச்சை பதினெட்டு மாதம், இருபத்துநான்கு மாதம் என்று நீளும். சைக்ளோசெரின் சிலரை மனக்குழப்பத்தில் தள்ளியது, எத்தியோனமைடு வயிற்றையும் தைராய்டையும் பதம் பார்த்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த இரண்டு ஊசிகளையும் பரிந்துரையிலிருந்து விலக்கியது. நோயாளிகளின் நினைவிலிருந்து அவை அத்தனை சீக்கிரம் விலகவில்லை. புதிய சிகிச்சையின் பக்கவிளைவை மறைக்க வைத்தது பழைய சிகிச்சையின் பக்கவிளைவு.

சோதித்தபோது இரண்டு பாதத்திலும் பத்தில் நான்கு இடங்களில் இழை தெரியவில்லை. கட்டைவிரலில் அதிர்வே இல்லை, கணுக்கால் அனிச்சை இரண்டு பக்கமும் போயிருந்தது. தொடக்க அளவீட்டோடு வைத்துப் பார்த்தால், மூன்று மாதத்தில் இவ்வளவு தூரம் சர்க்கரை மட்டும் கொண்டுபோயிருக்காது. மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். அதுவும் நரம்பையும் ரத்தத்தையும் கெடுக்கும். அவருடைய பி12 இயல்பு வரம்பின் அடிப்பக்கத்தில் இருந்தது. அதை ஈடுசெய்தோம், குற்றவாளி அதுதான் என்று நம்பவில்லை.

பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, பற்றி ஒரு வார்த்தை. ஐசோநயாசிடும் சைக்ளோசெரினும் தரும் நரம்புப் பாதிப்பை அது தடுக்கும். லினிசோலிட் பாதிப்பு வேறு வழியில் வருவது. அங்கே பைரிடாக்சின் காப்பாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பழக்கத்தால் எழுதிக்கொடுக்கிறோம். அளவை ஏற்றிக்கொண்டே போனால் பைரிடாக்சினே நரம்பைக் கெடுக்கும்.

லினிசோலிடை 300 மில்லிகிராமாகக் குறைத்தோம். அன்று மருந்துச் சீட்டைவிட அதிக நேரம் எடுத்தது பேச்சுதான். லினிசோலிடைக் குறைப்பதால் சிகிச்சை நின்றுவிடாது, ஊசிக்கு மாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை, மற்ற மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். காலுக்கு அடுத்து இந்த மருந்து தொடக்கூடிய இடம் கண் என்பதையும் சொன்னேன். அவர் தொழிலை ஒட்டியே சொன்னேன்: நூல் நிறத்தில் சந்தேகம் வந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே வர வேண்டும்.

கண்

பதினான்காம் வாரம் நிற அட்டைகள் எல்லாம் சரி. பதினெட்டாம் வாரம், குறித்த தேதிக்கு முன்னதாகவே வந்தார். கையில் இரண்டு நூல்கண்டுகள்.

"இது ரெண்டுல எது பச்சை, எது காப்பிப்பொடி கலர்னு எனக்குத் தெரியல. சிவப்பெல்லாம் வெளுத்த மாதிரி இருக்கு. வெள்ளெழுத்துன்னு நெனச்சு கண்ணாடி வாங்கிப் போட்டேன், அதுலயும் ஊசில நூல் கோக்க வரல. அப்பதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு."

43 வயதில் வெள்ளெழுத்து வருவது இயல்பே. கண்ணாடிக் கடையில் யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வெள்ளெழுத்து நிறத்தைக் குழப்பாது. வலது கண் 6/18, இடது 6/12. ஊசித்துளை வழியே பார்க்கச் சொன்னோம். ஒளிவிலகல் கோளாறாக இருந்தால் துளை வழியே தெளிந்திருக்கும், தெளியவில்லை. நிறக்குறை உள்ளவர்களும் படித்துவிடக்கூடிய முதல் அட்டையைத் தவிர மற்ற அட்டைகளில் பெரும்பாலானவற்றில் தடுமாறினார். வலி இல்லை. விழித்திரை பார்ப்பதற்கு ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது, பார்வைப்புலச் சோதனையில் நடுவில் ஒரு மங்கல் திட்டு. பார்வை நரம்புப் பாதிப்பு என்பதில் கண் மருத்துவருக்கும் சந்தேகமில்லை. எத்தாம்ப்யூட்டாலும் இதே போலப் பார்வை நரம்பைத் தாக்கும். அதை அவர் எடுத்தது நான்கு ஆண்டுகளுக்கு முன், இந்தச் சிகிச்சை தொடங்கும்போது நிறப்பார்வை சுத்தமாக இருந்தது.

லினிசோலிட் அன்றே நிறுத்தப்பட்டது, நிரந்தரமாக. ரத்தத்துக்குப் பொறுத்தோம், காலுக்கு அளவைக் குறைத்தோம். கண்ணுக்கு அந்த இரண்டும் கிடையாது. அரை அளவில் போகும்போதே வந்திருக்கிறது என்றால், இன்னும் குறைத்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

மீதி எட்டு வாரம். வளர்ப்புச் சோதனைகள் எட்டாம் வாரத்திலிருந்து தொடர்ந்து எதிர்மறை, எடை ஐந்து கிலோ கூடியிருந்தது, காய்ச்சல் இருமல் இல்லை. எல்லா மருந்தையும் நிறுத்திப் புதிய சிகிச்சை தொடங்குவதா, மூன்றோடு முடிப்பதா என்று நிபுணர் குழுவில் பேசி, மூன்றோடு முடிப்பது என்று தீர்மானித்தோம். ஃப்ளோரோக்வினலோனுக்கும் எதிர்ப்பு இருந்து, பெடாக்விலினும் பிரிட்டோமானிடும் மட்டுமே கையில் எஞ்சியிருந்தால் இந்தத் தீர்மானம் இத்தனை எளிதாக வந்திருக்காது.

ஏன் இந்த மருந்து மட்டும்

லினிசோலிட் 2000-ல் வேறு தொற்றுகளுக்காக அனுமதி பெற்ற மருந்து. அதிகபட்சம் இருபத்தெட்டு நாள் கொடுப்பதை மனதில் வைத்து வந்தது. பாக்டீரியாவின் ரைபோசோமில் உட்கார்ந்து புரத உற்பத்தியைத் தடுப்பது அதன் வேலை. நம் உயிரணுக்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம், பாக்டீரியாவினுடையதை ஒத்தது. ஒரே சாவி இரண்டு பூட்டிலும் நுழைகிறது. இதனால் முதலில் அடிபடுவது வேகமாகப் பெருகும் மஜ்ஜை, வாரக்கணக்கில் தெரிந்துவிடும். ஆற்றலுக்கு அதிகம் ஏங்கும் நீண்ட நரம்புகளும் பார்வை நரம்பும் மாதக்கணக்கில் அடிபடும். மஜ்ஜை புதிதாக அணுக்களை ஆக்கிக்கொள்ளும், நரம்புக்கு அந்த வசதி குறைவு. இவரிடம் ரத்தம், கால், கண் என்று வரிசையாக வந்ததற்குக் காரணம் இதுதான். அந்த வரிசை தெரிந்த மருத்துவருக்கு ஏழாம் வாரத்து ரத்த அறிக்கை, இந்த உடம்பு இந்த மருந்தைத் தாங்கும் அளவு இவ்வளவுதான் என்று சொல்லும் அறிக்கையாகவும் படும். ரத்தம் மீண்டது என்று ஆறுதல்பட்டு நரம்பை மறந்துவிடுவதே இங்குள்ள வழுக்கும் படி.

2020-ல் வெளியான நிக்ஸ்-டிபி ஆய்வில் 109 பேருக்கு பெடாக்விலின், பிரிட்டோமானிடோடு லினிசோலிட் தினமும் 1200 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் குணமானார்கள். அதுவரை கைவிரித்துவந்த நோய்க்கு அது பெரும் வெற்றி. விலை: 81 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு, 48 சதவீதம் பேருக்கு மஜ்ஜைத் தளர்ச்சி. 2022-ல் வந்த ஜீநிக்ஸ் ஆய்வு அளவையும் காலத்தையும் பிரித்துப் பார்த்தது. 1200 மில்லிகிராம் இருபத்தாறு வாரம் எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு, 600 எடுத்தவர்களில் 24. 600-ஐ ஒன்பது வாரத்தோடு நிறுத்தியவர்களில் 13 மட்டுமே. ஆனால் நோய் தீர்ந்தவர்கள் விகிதம், 600 மில்லிகிராம் இருபத்தாறு வாரத்தில் 91-ஆக இருந்தது ஒன்பது வாரத்தில் 84-ஆக இறங்கியது. நாம் இப்போது 600-ல் நிற்பதற்குப் பின்னால் உள்ள பேரம் இது. நால்வரில் ஒருவருக்கு நரம்பு பாதிக்கப்படும் என்பதை ஏற்றுக்கொண்டே ஒவ்வொருவருக்கும் இதைத் தொடங்குகிறோம். அதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லாமல் விடுவது சரியில்லை. சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது அனுபவத்தில் நிற்காத வாதம். இவர் மறைத்தது தகவல் தெரிந்ததால் இல்லை, பாதி தெரிந்ததால்.

உடம்பில் மருந்து தேங்கும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த வேளைக்கு முன் ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் லினிசோலிட் நிற்பவர்களுக்கு நச்சுத்தன்மை அதிகம். அதை அளக்கும் வசதி இருக்கும் இடங்களில், 44 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அளந்து பார்ப்பது வீண் செலவாகாது. இவருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

எரிச்சலுக்கு எதைக் கொடுப்பது

நரம்பு எரிச்சல் என்றதும் கை தானாக அமிட்ரிப்டிலினை எழுதும். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரை அது. இந்தச் சிகிச்சையில் அது இரண்டு முறை தவறு: க்யூடியை நீட்டும், மேலும் லினிசோலிட், செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் குணமுள்ளது என்பதால் செரட்டோனின் மிகைக்கு வழிவகுக்கும். அதே இரு வேலைக்கும் பயன்படும் டுலாக்செட்டினுக்கும் அந்த இரண்டாவது ஆபத்து உண்டு. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவரா என்று சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டியதும் இதனால்தான். இவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்ததால் கபாபென்டினைச் சிறிய அளவில் இரவில் தொடங்கி ஏற்றினோம். தூக்கம் வந்தது. மரமரப்பை அது போக்காது என்பதையும் சொல்லிவிட்டோம்.

முடிவும் அதன் பின்னும்

லினிசோலிட் நின்ற மூன்றாம் வாரமே நிறம் பிடிபடத் தொடங்கியதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் வலது கண் 6/9, இடது 6/6. அட்டைகளில் இரண்டு தவிர மற்றவற்றைப் படித்தார். சிகிச்சை முடிந்தபோது ஹீமோகுளோபின் 11.6. கால் அப்படித் திரும்பவில்லை. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்தும் எரிச்சல் பெரும்பாலும் அடங்கி, விரல்களில் மரமரப்பு மிஞ்சியிருந்தது. மெஷினுக்கு மோட்டார் பொருத்திக்கொண்டார். சர்க்கரையும் இருப்பதால், உணர்வில்லாத பாதத்துக்கான காலணி, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, வெந்நீரைக் காலால் சோதிக்காமல் இருப்பது என்று பாதப் பராமரிப்பு ஆயுள் முழுக்கத் தொடரும். சிகிச்சைக்குப் பிந்தைய ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் சளியில் கிருமி வளரவில்லை.

விடுவிப்புக் கடிதத்தில் வழக்கமாக விடுபடும் ஒரு வரியை இவருக்குச் சேர்த்தோம். பெடாக்விலின் உடலை விட்டுப் போவது மிக மெதுவாக. அதன் இறுதிநிலை அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய ஐந்தரை மாதம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல மாதங்களுக்கு அது திசுக்களில் இருக்கும். நடுவில் யாராவது எல்லா மருந்தையும் தாமாக நிறுத்தினால், மற்றவை சில நாளில் கரைந்து போக, பெடாக்விலின் மட்டும் தனியாகக் கிருமியோடு நிற்கும். எதிர்ப்பு உருவாக அது தோதான சூழல். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் விடச் சொல்வது அதனால்தான். முறையாக முடித்தவருக்கும் இந்த நீண்ட வால் பொருந்தும்: சளிக்கோ காய்ச்சலுக்கோ வேறு மருத்துவரிடம் போகும்போது அசித்ரோமைசின், டாம்பெரிடோன் போன்ற க்யூடியை நீட்டும் மருந்துகளை எழுதுமுன் ஈசிஜி பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதி, அதன் நகலை அவருடைய சர்க்கரை மருத்துவருக்கும் அனுப்பினோம். கிளிமிபிரைடைத் திரும்பத் தொடங்க வேண்டாம் என்பதும் அதே கடிதத்தில் இருந்தது.